கையால் கட்டும் விமானத்துக்கு இன்ஜின்: தேர்விலிருந்து முதல் ஓட்டம் வரை

இறக்கை தயாராகி, உடற்பகுதி சொந்தச் சக்கரத்தில் நிற்க ஆரம்பித்த பிறகுதான் பலருக்கும் இன்ஜின் நினைவே வருகிறது. அது ரொம்பத் தாமதம். எந்த இன்ஜின் என்று முடிவாகாமல் அதைத் தாங்கும் சட்டமான மவுண்ட்டை வெல்டிங் செய்ய முடியாது, டேங்கிலிருந்து வரும் குழாய் எவ்வளவு தடிமன் என்று தெரியாது, பேட்டரிக்கு இடம் ஒதுக்க முடியாது. வரைபடம் கைக்கு வந்த வாரத்திலேயே இந்த யோசனையைத் தொடங்கிவிடுங்கள். பணம் கொடுத்து வாங்குவது மட்டும் கடைசியில் இருக்கட்டும். கொட்டகை மூலையில் வருடக்கணக்கில் சும்மா கிடக்கும் இன்ஜின் உள்ளே துருப்பிடிக்கும், உத்தரவாதக் காலமும் தீர்ந்துபோகும்.

இன்ஜின் என்றால் பெட்டியில் வந்து இறங்கும் அந்த உலோகக் கட்டி என்று நினைத்துவிடக் கூடாது. அதற்கு எரிபொருள் வரும் வழி, காற்று போகும் வழி, அதைத் தாங்கும் குழாய்ச் சட்டம், அதன் மின்சாரம், அது சுற்றும் புரொப்பெல்லர் எல்லாம் சேர்ந்த முன்பாதி முழுவதையும்தான் நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-ல் சொந்தமாகக் கட்டிய விமானங்களின் விபத்துகளை ஆராய்ந்தது. பறக்கும்போது கட்டுப்பாடு இழப்பதும் இன்ஜின் சார்ந்த கோளாறுகளும்தான் முன்னணியில் நின்றன. பறக்க அனுமதி கொடுக்கும் முன் எரிபொருள் அமைப்பைச் சோதித்துப் பதிவு செய்ய வேண்டும் என்று அந்த வாரியம் தனியாகவே பரிந்துரைத்தது. இன்ஜின் நின்றுபோன கதைகளை அருகிலிருந்து கேட்டுப் பாருங்கள். பிஸ்டன் உடைந்தது என்பதைவிட பெட்ரோல் வரவில்லை என்பதுதான் அடிக்கடி காதில் விழும். அந்தப் பெட்ரோல் வழியைப் போட்டது இன்ஜின் கம்பெனி அல்ல, நாம்தான்.

முதலில் வடிவமைத்தவர் பேச்சைக் கேளுங்கள்

வரைபடத்தில் எந்த இன்ஜின்கள் எழுதியிருக்கின்றன, அதிகபட்ச எடை எவ்வளவு, அதிகபட்சக் குதிரைத்திறன் எவ்வளவு என்று பாருங்கள். முதல் விமானம் கட்டுகிறவருக்கு என் ஆலோசனை ஒன்றுதான்: அந்தப் பட்டியலுக்கு வெளியே போகாதீர்கள். அதே மாடலில் அதே இன்ஜினோடு ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும் விமானம் ஒன்றையாவது தேடிப்பிடித்து, இன்ஜினை மூடும் உறையான கவ்லிங்கைக் கழற்றி உள்ளே காட்டச் சொல்லுங்கள். அந்த ஒரு மதியம் பல மாத வேலையை மிச்சப்படுத்தும்.

"80 போதும் என்கிறார்கள், 100 போட்டால் வேகம் போகுமே" என்ற ஆசை எல்லோருக்கும் வரும். கணக்கைப் பாருங்கள். நேர்ப்பறப்பின் உச்ச வேகம் ஏறக்குறைய சக்தியின் கனமூலத்தைப் பொறுத்துத்தான் ஏறும். சக்தியை 25 சதவீதம் கூட்டினால் வேகம் 7, 8 சதவீதம்தான் கூடும். தாண்டக் கூடாத வேகம் என்று வடிவமைத்தவர் போட்டிருக்கும் எல்லையோ இம்மியும் நகராது, ஏனென்றால் அது இறக்கைக்கும் வாலுக்கும் உரியது. கூடுதல் சக்தி உண்மையில் கைகொடுப்பது மேலேறும்போது. சிறிய ஓடுதளம், உயரமான நிலம், சூடான வானிலை என்றால் அதைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1000 அடிக்கும் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும் என்பதை மனதில் வையுங்கள்.

சந்தையில் இருப்பவை

ரோட்டாக்ஸ் 912 வரிசை இன்று இலகு விமானங்களில் எங்கும் தென்படும் இன்ஜின். 80 குதிரைத்திறனில் ஒன்று, 100 குதிரைத்திறனில் ஒன்று, எரிபொருளைப் பீய்ச்சும் ஐஎஸ் வகை ஒன்று. சிலிண்டர் தலைக்குத் தண்ணீர், உடம்புக்குக் காற்று என்று இரண்டு வகையில் குளிர்கிறது. நிமிடத்துக்கு 5800 சுற்றில் ஓடி, கியர் மூலம் வேகத்தைக் குறைத்துப் புரொப்பெல்லரைச் சுழற்றுகிறது. ஈயமில்லாத சாதாரண பெட்ரோல்தான் அதற்குப் பிடிக்கும். ஈயம் கலந்த விமான பெட்ரோலையே ஊற்றி ஓட்டினால் ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். ரப்பர் ஹோஸ்களை 5 வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்ற வேண்டும், செலவுக் கணக்கில் இதை மறந்துவிடாதீர்கள்.

லைக்காமிங், கான்டினென்டல் இரண்டும் பழைய பள்ளி: முழுக்கக் காற்றில் குளிர்பவை, கியர் கிடையாது, 2700 சுற்றை ஒட்டி நிதானமாக ஓடுபவை. கான்டினென்டல் ஓ-200 என்றால் 100 குதிரைத்திறன், லைக்காமிங் ஓ-320 என்றால் 150 அல்லது 160. எடை அதிகம், ஆனால் அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் உலகெங்கும் உண்டு. ஜபிரு 2200 இந்த இரண்டு பள்ளிக்கும் நடுவில் நிற்கிறது. கியர் இல்லாமல் 3300 சுற்றில் 80 குதிரைத்திறன் தரும் சின்ன இன்ஜின் அது. குளிர்ச்சியில் கவனமாக இருந்தால்தான் நன்றாக உழைக்கும்.

டூ-ஸ்ட்ரோக் ரோட்டாக்ஸ் 582 போன்றவை எடைக்குக் கொடுக்கும் சக்தியில் அற்புதம். ஆனால் முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கும் ஓவர்ஹால் இடைவெளி 300 மணி நேரம்தான், தயாரித்தவர்களே இது திடீரென்று நிற்கக்கூடிய இன்ஜின் என்று கையேட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள். மெதுவாக இறங்கக்கூடிய, எந்த வயலிலும் உட்காரக்கூடிய விமானத்துக்கு மட்டும் அதை யோசியுங்கள்.

கார் இன்ஜினை மாற்றிப் போடுவது இந்தக் கலையின் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. 1929-லேயே பெர்னார்ட் பீட்டன்பால் தன் விமானத்தில் ஃபோர்டு மாடல் ஏ கார் இன்ஜினைப் பூட்டிப் பறந்தார். ஃபோக்ஸ்வேகன் காற்றுக் குளிர்ச்சி இன்ஜின் இன்றும் பல சிறு விமானங்களைப் பறக்கவைக்கிறது. எனக்கு அதில் மரியாதை உண்டு. ஆனாலும் புதியவர் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். காரில் இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட் முறுக்குவிசையை மட்டும் கடத்தினால் போதும். விமானத்தில் அதன் நுனியில் ஒரு புரொப்பெல்லர் தொங்குகிறது. மூக்கு திரும்பும் ஒவ்வொரு தடவையும் சுழலும் அந்தக் கட்டை கிராங்கை வளைக்கப் பார்க்கும். போதாததற்கு, கார் இன்ஜின் சாலையில் பெரும்பாலான நேரம் தன் சக்தியில் ஒரு சிறு பங்கோடுதான் ஓடுகிறது, விமானத்தில் மணிக்கணக்கில் 75 சதவீதத்தில் ஓட வேண்டும். யாராவது பல வருடம் சோதித்து, முழு செட்டாக விற்கும் மாற்று இன்ஜின் என்றால் சரி. நீங்களே முதல் ஆளாகக் கியர்பாக்ஸ் வடிவமைக்கப் போகிறீர்கள் என்றால், விமானம் கட்டுவதை நிறுத்திவிட்டு இன்ஜின் கட்டும் வேலையில் இறங்குகிறீர்கள் என்று அர்த்தம்.

பழைய இன்ஜின் வாங்கினால் ஓடிய மணி நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள். 400 மணி நேரம் ஓடிப் பத்து வருடம் தூங்கிய இன்ஜினைவிட, வாராவாரம் பறந்து 1200 மணி ஓடியது நல்லது. ஓட்டமும் பழுதும் பதிவாகும் லாக் புத்தகம் கேளுங்கள். புரொப்பெல்லர் எப்போதாவது தரையில் அடித்ததா என்று நேராகவே கேளுங்கள், அடித்திருந்தால் பிரித்துப் பார்க்காத இன்ஜினைத் தொடாதீர்கள்.

எடைக் கணக்கு

கேட்லாக்கில் போட்டிருப்பது பெரும்பாலும் வெற்று எடை. 100 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 57 கிலோவுக்குள் என்று எழுதியிருக்கும். சைலன்சர், ரேடியேட்டர், ஆயில் டேங்க், மவுண்ட் வளையம், ஹோஸ், உள்ளே ஊற்றும் திரவங்கள் எல்லாம் சேர்ந்தால் 70-ஐத் தாண்டிவிடும். எந்த இன்ஜினுக்கும் இந்தக் கதைதான், ஒப்பிடும்போது மாட்டி முடித்த எடையோடு மாட்டி முடித்த எடையை ஒப்பிடுங்கள்.

வரைபடத்தில் சொன்னதைவிட 12 கிலோ கூடுதலான இன்ஜின் என்று வையுங்கள். அது விமானத்தின் எடை மையத்திலிருந்து 1.2 மீட்டர் முன்னால் இருக்கிறது. 12 பெருக்கல் 1.2, அதாவது 14.4. இதைச் சமன்செய்ய 5 கிலோ பேட்டரியை இன்ஜினுக்குப் பின்னாலுள்ள தீத்தடுப்புச் சுவரான ஃபயர்வாலிலிருந்து கிட்டத்தட்ட 3 மீட்டர் பின்னால் கொண்டுபோக வேண்டும். அங்கிருந்து ஸ்டார்ட்டர் வரை தடித்த கேபிள் ஓட வேண்டும், அதுவும் எடை. ஒரு காகிதத்தில் இந்தக் கணக்கைப் போட்ட பிறகும் அந்த இன்ஜின் வேண்டும் என்று தோன்றினால் மேலே போகலாம்.

மவுண்ட், ஃபயர்வால்

மவுண்ட் குரோம்-மாலி எஃகுக் குழாயில் ஆனது. வெல்டிங்கில் நீங்கள் தேர்ந்தவர் இல்லை என்றால் இதை வெளியில் கொடுங்கள், இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வெள்ளை அல்லது வெளிர் நிறம் பூசுங்கள், விரிசல் விட்டால் கோடாகத் தெரியும்.

ஃபயர்வால் தீயை அந்தப் பக்கமே நிறுத்தும் சுவர். பொதுவாக அரை மில்லிமீட்டருக்குக் குறைவான துருப்பிடிக்காத எஃகுத் தகடு. தகடு நன்றாக இருந்து என்ன பயன், அதில் போடும் ஓட்டைகள்தான் பலவீனம். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், பெட்ரோல் தீயோ அதைவிட மிக அதிகச் சூடு. ஆகவே கேபிளும் குழாயும் நுழையும் இடங்களில் எஃகு வளையம் போட்டு, தீத்தாங்கும் பசையால் அடையுங்கள். இன்ஜின் பக்கம் பிளாஸ்டிக் உள்பூச்சு உள்ள லாக் நட்டுகளைப் போடாதீர்கள். முழு உலோக லாக் நட்டு, அல்லது முள் செருகும் நட்டு, அல்லது பாதுகாப்புக் கம்பி முறுக்கியது, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கட்டும்.

எரிபொருள் வழி: இங்கே நேரம் செலவிடுங்கள்

என் முதல் விமானத்தில் தரையில் எல்லாம் சரியாக ஓடியது. முழு திராட்டில் கொடுத்தால் மட்டும் கால் நிமிடத்தில் எரிபொருள் அழுத்த ஊசி மெல்ல இறங்கும். பம்பை மாற்றினேன், ஃபில்டரை மாற்றினேன், ஊசி கேட்கவில்லை. கடைசியில் ஒவ்வொரு ஹோஸாகக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஒன்றின் உள்ளே நகத்துண்டு அளவு ரப்பர் தோல், கதவு மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. ஹோஸை ஃபிட்டிங்கில் தள்ளி ஏற்றும்போது அதன் விளிம்பு உட்சுவரைச் சீவியிருக்கிறது. மெதுவாக ஓடும்போது அந்தத் தோல் ஒதுங்கி வழி விடும், வேகமாக இழுத்தால் மடங்கி அடைத்துக்கொள்ளும். அதைப் பூட்டியது என் கைதான். அன்றிலிருந்து ஹோஸை வெட்டியதும் விளிம்பை வழவழப்பாக்கி, ஒரு சொட்டு ஆயில் தடவி, திருகியபடி ஏற்றுகிறேன். ஏற்றிய பின் உள்விட்டத்துக்குச் சற்றுச் சிறிய எஃகுக் குண்டு ஒன்றை உள்ளே உருட்டிவிடுகிறேன். அது தடையில்லாமல் மறுமுனையில் விழுந்தால்தான் அந்த ஹோஸ் விமானத்துக்குப் போகும்.

வழியைப் போடும்போது சில விஷயங்கள். டேங்கிலிருந்து ஃபயர்வால் வரை அலுமினியக் குழாய், ஃபயர்வாலுக்கும் இன்ஜினுக்கும் நடுவே வளையக்கூடிய ஹோஸ். அந்த ஹோஸ்மேல் தீ தாங்கும் உறை. விமானக் குழாய்களின் முனை விரிவு 37 டிகிரி, கார் கடையில் கிடைப்பது 45 டிகிரி. இரண்டையும் கலந்து மாட்டினால் இறுக்கியதுபோலத்தான் தெரியும், ஆனால் கசியும். வழி முழுவதிலும் மிகத் தாழ்ந்த இடத்தில் தண்ணீரும் கசடும் தங்கும் கிண்ணம் ஒன்றும், அதை வெளியிலிருந்து திறக்கும் வால்வும் வேண்டும். மேலே ஏறி மறுபடி கீழே இறங்கும் வளைவு எங்கும் இருக்கக் கூடாது, அங்கே ஆவி தங்கும். சாதாரண பெட்ரோல் விமான பெட்ரோலைவிடச் சீக்கிரம் ஆவியாகும், சைலன்சருக்குப் பக்கத்தில் போகும் ஹோஸில் குமிழி வந்தால் பம்ப் அதை இழுக்கத் திணறும். மின்பம்ப் போடுகிறீர்கள் என்றால் டேங்குக்கு அருகில், தாழ்வாக, சூடில்லாத இடத்தில் போடுங்கள். பம்ப் தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் சோம்பேறி. டேங்கின் காற்றுக் குழாயையும் மறக்க வேண்டாம். குளவி ஒன்று அதில் மண் கூடு கட்டினால் போதும், டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தும் இன்ஜின் பட்டினி கிடக்கும். குழாய் வாயில் மெல்லிய வலை போடுங்கள்.

அப்புறம் ஓட்டச் சோதனை. இதைச் செய்யாமல் யாரும் பறக்கக் கூடாது. மூக்கை உயரத் தூக்கி, விமானம் அதிகபட்சச் சாய்வில் மேலேறும்போது இருக்கும் கோணத்தைவிடச் சற்றுக் கூடவே வையுங்கள். டேங்கில் குறைந்தபட்ச அளவு மட்டும் இருக்கட்டும். கார்புரேட்டரில் சேரும் முனையைக் கழற்றி, அளவுக் குடுவைக்குள் ஓடவிடுங்கள். புவியீர்ப்பில் மட்டும் இறங்கும் அமைப்பு என்றால் இன்ஜின் முழுச் சக்தியில் குடிக்கும் அளவில் 150 சதவீதமும், பம்ப் அமைப்பு என்றால் 125 சதவீதமும் வர வேண்டும். 100 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் மேலெழும்பும்போது மணிக்கு 27 லிட்டர் குடிக்கும். புவியீர்ப்பு அமைப்பில் அதற்கு மணிக்கு 40.5 லிட்டர் வர வேண்டும், அதாவது 6 நிமிடத்தில் குடுவையில் 4 லிட்டருக்குக் குறையக் கூடாது. ஒவ்வொரு டேங்குக்கும் தனித்தனியாக இதைச் செய்யுங்கள். திறந்த பெட்ரோலோடு செய்யும் வேலை இது. வெளியில், காற்றோட்டத்தில், விமானத்துக்கும் குடுவைக்கும் எர்த் கம்பி கட்டி, தீயணைப்பானைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கார்புரேட்டர் இன்ஜின் என்றால் பனிக்கட்டியும் கணக்கில் வரும். ஈரமான நாளில் வெளியே 20 டிகிரி இருந்தாலும் கார்புரேட்டரின் தொண்டையில் ஐஸ் பிடிக்கலாம், காரணம் பெட்ரோல் ஆவியாகும்போது அங்கே சூடு அவ்வளவு இறங்குகிறது. சைலன்சரைச் சுற்றி ஓர் உறை போட்டு, அந்தச் சூடான காற்றைத் திருப்பிவிடும் கதவு வையுங்கள்.

குளிர்ச்சி

காற்றுக் குளிர்ச்சி இன்ஜினில் காற்று உள்ளே வந்தால் மட்டும் போதாது, சிலிண்டர் இதழ்களுக்கு நடுவே புகுந்துதான் வெளியேற வேண்டும். அதற்காகத்தான் இன்ஜினைச் சுற்றித் தகடு அடைப்பு. தகட்டுக்கும் கவ்லிங்குக்கும் நடுவே 5 மில்லிமீட்டர் சந்து விட்டால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். அந்தச் சந்து ஒன்றரை மீட்டர் நீளம் ஓடினால் 75 சதுர சென்டிமீட்டர், உள்ளங்கை அகல ஓட்டை! காற்று சுலப வழியைத்தான் தேடும். சிலிக்கான் ரப்பர் பட்டையால் அடைத்து, பட்டை முன்பக்கம் சாய்ந்திருக்கும்படி மாட்டுங்கள், காற்றழுத்தமே அதைக் கவ்லிங்கோடு ஒட்டவைக்கும். இருட்டில் உள்ளே விளக்கைப் போட்டு வெளியிலிருந்து பார்த்தால் மிச்சமுள்ள சந்துகள் எல்லாம் ஒளிரும். சூடு அப்போதும் அதிகமா? உள்வரும் வாயைப் பெரிதாக்குவதற்கு முன் வெளியேறும் வழியைப் பாருங்கள், பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

மின்சாரம்

நண்பர் ஒருவர் முதன்முதலாக ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினார். இன்ஜின் அரைச்சுற்று முனகியது, சோக் கேபிளிலிருந்து புகை வந்தது. இன்ஜின் ரப்பர் புஷ்மேல் உட்கார்ந்திருக்கிறது, சட்டத்தோடு அதற்கு மின்தொடர்பு இல்லை. எர்த் பட்டை போட மறந்துவிட்டார். ஸ்டார்ட்டரின் மின்சாரம் முழுவதும் திரும்பிவரக் கிடைத்த ஒரே வழி அந்த மெல்லிய சோக் கம்பி. பேட்டரி எர்த்துக்கும் இன்ஜின் உடம்புக்கும் தடித்த பின்னல் பட்டை ஒன்றை முதல் வேலையாகப் போட்டுவிடுங்கள்.

மற்றபடி, பிவிசி ஒயர் வேண்டாம், எரிந்தால் நச்சுப்புகை விடும். டெஃப்செல் உறை போட்ட விமான ஒயர் வாங்குங்கள். முனைகளை நல்ல கருவியால் நெருக்கிப் பிடித்து கிரிம்ப் செய்யுங்கள். ஃப்யூஸ் இருப்பது ஒயரைக் காப்பாற்ற, ஆகவே ஒயரின் தாங்குதிறனைப் பார்த்து ஃப்யூஸ் போடுங்கள். மெயின் ரிலே பேட்டரிக்கு ஒட்டியே இருக்கட்டும். பேட்டரி இல்லாமலே தீப்பொறி தரும் மேக்னெட்டோ இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: அதன் சுவிட்ச் எர்த் செய்துதான் அணைக்கிறது, அந்த ஒயர் அறுந்தால் சுவிட்ச் அணைந்திருந்தாலும் மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். புரொப்பெல்லரை எப்போதும் ஓடத் தயாரான ஒன்றாகவே நினைத்துத் தொடுங்கள்.

கருவிகள்

வேகமானி, உயரமானி, காந்தத் திசைகாட்டி, ஆயில் அழுத்தம், ஆயில் சூடு, சுற்றுமானி, எரிபொருள் அளவு, எரிபொருள் அழுத்தம், ஒவ்வொரு சிலிண்டரின் சூடு. இவை இருந்தால் முதல் விமானத்துக்குப் போதும். பெரிய திரை போடுகிறீர்கள் என்றால் ஆயில் அழுத்தத்துக்குத் தனி எச்சரிக்கை விளக்கும், வேகத்துக்குத் தனி ஊசிக் கருவியும் வைத்துக்கொள்வது என் வழக்கம். திரையின் காந்த உணரியை இரும்பிலிருந்தும் தடித்த ஒயரிலிருந்தும் தள்ளி இறக்கையிலோ வாலிலோ பொருத்துங்கள்.

வானொலி ஆன்டெனா 60 சென்டிமீட்டரை ஒட்டிய நீளம். மர விமானத்திலும் கண்ணாடியிழை விமானத்திலும் அதற்கு அடியில் உலோகத் தளம் இல்லாததால் செம்புப் பட்டைகளை நட்சத்திர வடிவில் ஒட்ட வேண்டும். அவசர இருப்பிடக் கருவி 406 மெகாஹெர்ட்ஸ் வகையாக இருக்கட்டும். பழைய 121.5 சமிக்ஞையைச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி 1 முதல் கேட்பதில்லை.

புரொப்பெல்லர்

தரையில் பிளேடு கோணத்தை மாற்றக்கூடிய புரொப்பெல்லர் புதியவருக்கு வசதி, தவறினால் திருத்திக்கொள்ளலாம். 912 இன்ஜினில் முழு திராட்டிலில் 5200 சுற்றுக்குக் கீழே நின்றால் கோணம் அதிகம், இன்ஜின் திணறுகிறது. நேர்ப்பறப்பில் 5800-ஐத் தாண்டினால் கோணம் போதாது. மரப் புரொப்பெல்லர் வானிலைக்கேற்ப உப்பும், சுருங்கும். முதல் ஓட்டத்துக்குப் பிறகும், அப்புறம் சில மணி நேரத்துக்கு ஒருமுறையும் போல்ட் இறுக்கத்தை டார்க் ரென்ச் வைத்துப் பாருங்கள்.

முதல் ஓட்டம்

வாலை உறுதியான தூணில் கட்டுங்கள், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், புரொப்பெல்லர் சுழலும் தளத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரால் சுற்றி ஆயில் அழுத்தம் ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள். இன்ஜின் பிடித்த பிறகு 10 விநாடிக்குள் அழுத்தம் வராவிட்டால் அணைத்துவிடுங்கள். புதிய லைக்காமிங், கான்டினென்டல் இன்ஜின்களைத் தரையில் நீண்ட நேரம் மெதுவாக ஓடவிடாதீர்கள். சிலிண்டர் சுவர் பளபளத்துப் போய் பிஸ்டன் ரிங் சரியாக உட்காராது.

2, 3 நிமிடம் ஓடியதும் அணையுங்கள். சூடு ஆறியதும் கையில் டார்ச்சோடு ஃபயர்வாலிலிருந்து முன்னோக்கி ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள்: ஆயில் ஈரம், பெட்ரோல் கறை, ஒன்றோடொன்று உரசும் ஹோஸ், வேறு நிறமாகிப்போன பெயின்ட், போல்ட் தலையில் போட்ட அடையாளக்கோடு நகர்ந்திருக்கிறதா என்பது. கண்டதை நோட்டில் எழுதி, சரிசெய்து, மறுபடி ஓட்டுங்கள். என் இரண்டாவது விமானத்தில் இப்படி 11 தடவை ஓட்டி நிறுத்திய பிறகுதான் நோட்டில் ஒரு பக்கம் எதுவும் எழுதாமல் முடிந்தது. கவ்லிங்கை அன்றைக்குத்தான் மூடினேன்.